தண்ணீர் கொட்டுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

1. முதல் நாள்

தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களுக்குச் சொல்வதற்கு நூறு கதை இருக்கும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கியது, அடியாழத்து லெவலில் பாறை வெடித்தது, நூலிழையில் தப்பித்தது என்று சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். என்னிடம் இருப்பது கொசுக் கதை. சுகாதாரப் பிரிவில் மலேரியா ஒர்க்கராகச் சேர்ந்து, மேஸ்திரியாகி, கொசு மேஸ்திரி என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றவன் நான். ஊரிகத்திலிருந்து மாரிகுப்பம் வரை என்னைத் தெரியாத வீடு கிடையாது. என்னைப் பிடித்த வீடும் கிடையாது.

இப்போது சுகாதார வேலைக்கு வரும் பிள்ளைகள், "உங்க காலத்துல எப்படி சார் கொசுவ ஒழிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். நாங்கள் எங்கே ஒழித்தோம்? அது இன்றைக்கும் செழிப்பாகத்தான் இருக்கிறது. அது எங்களை ஒழிக்காமல் விட்டதே பெரிய விஷயம். ஆனாலும் கேட்டதற்காகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தொழிலாளர்கள் குடியிருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் லைன் முனையில் இருக்கும் குழாயில் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் வரும். அதற்குள் பிடித்து வைத்தால் உண்டு. அதனால் வீட்டுக்கு வீடு, சுரங்க விளக்குக்குக் கார்பைட் வந்த பழைய இரும்பு டிரம் ஒன்று, நிறையத் தண்ணீர். கொசுவுக்கு அதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது.

முதல் நாள் எனக்குக் காக்கிச் சட்டையும், ஒரு டார்ச்சும், நீண்ட கைப்பிடி போட்ட வெள்ளை அகப்பை ஒன்றும் கொடுத்தார்கள். அகப்பையில் தண்ணீரை மொண்டால் புழு நெளிவது பளிச்சென்று தெரியும். எங்கள் இன்ஸ்பெக்டர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"இதோ பாரு ஏகாம்பரம், தண்ணியில புழு இருந்தா லெக்சர் அடிக்காதே. கொட்டு. கொட்டிட்டு அடுத்த வூட்டுக்குப் போய்க்கினே இரு."

போனேன். முதல் வீட்டிலேயே புழு. சர்க்கார் உத்தியோகம் கிடைத்துவிட்ட மிதப்பில் டிரம்மை ஒரே தள்ளாகத் தள்ளினேன். தண்ணீர் வந்த வேகத்தில், வாசலில் கழற்றி விட்டிருந்த என் புதுச் செருப்பு இரண்டும் சாக்கடையில் இறங்கிப் போயின. ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு போச்சேன்னு இந்தக் குதி குதிக்கிறியே, என் தண்ணி போச்சே, நான் யாராண்ட போய் அழுவறது?"

அடுத்த வீட்டுக்கு வெறுங்காலோடு போனேன்.

2. சுண்ணாம்பும் டிடிடியும்

கொசு உட்காரும் சுவரில் டிடிடி அடித்து வைத்தால் மருந்து மாதக்கணக்கில் நிற்கும் என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். மருந்தடிக்கும் ஸ்டிரப் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு லைன் முழுக்க அடித்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அடித்த தேதியை ஸ்டென்சில் போட்டு முடித்தேன். தோள்பட்டை கழன்று விழாத குறை. இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தபோது லைன் பளபளவென்று புது வெள்ளையில் நின்றது. மருந்தையும் காணோம், தேதியையும் காணோம். பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். பொங்கல் வருமென்று எனக்குத் தெரியாதா? என் வீட்டிலும் சுண்ணாம்பு ஊறிக்கொண்டுதான் இருந்தது. மூளைதான் எங்கேயோ ஊறிக் கிடந்திருக்கிறது.

ஒரு வீட்டில் மட்டும் தேதியை விட்டு வைத்திருந்தார்கள். எழுத்து அழகாக இருக்கிறதென்று சுற்றிலும் காவிப் பட்டை அடித்திருந்தாள் அந்த அம்மாள். என் ஆயுளில் என் வேலையைப் பாராட்டிய முதல் ஆள். அந்தச் சுவரிலும் உள்பக்கம் சுண்ணாம்புதான். பிறகு நான் இருந்தவரை, எங்கள் ஏரியாவில் பொங்கல் முடிந்த பிறகுதான் பம்ப்பை எடுத்தோம்.

3. பெண் பார்க்கப் போன இடம்

வேலை நிரந்தரமானதும் அம்மா எனக்குப் பெண் தேட ஆரம்பித்தாள். பையன் சுரங்க ஷாஃப்டில் இறங்குகிறவன் இல்லை, மேலேயே சம்பளம், குடி கிடையாது. பெண் வீட்டார் க்யூவில் நிற்பார்கள் என்று நினைத்தாள். நடந்தது வேறு. பெயரைச் சொன்னதும் எந்த வீட்டுப் பெண்களும் கேட்கும் முதல் கேள்வி, "அந்தத் தண்ணி கொட்ற பையனா?" அதற்கு மேல் பேச்சு நகராது. அம்மா வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைப்பாள். "டிரம்ம கொட்டு, அத்தினி பேரு வயித்தெரிச்சலையும் கொட்டிக்கோ. கடைசியில கொசுவத்தான் கட்டிக்கணும் நீ." எனக்குச் சிரிப்பு வந்தாலும் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. கூடப் படித்தவர்களெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஒருவழியாக மாரிகுப்பத்தில் ஒரு இடம் வந்தது. பெண் பெயர் சரோஜா. அப்பா டிம்பரிங் வேலை. சுரங்கத்தில் கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிறவர். அவருக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தால் தூங்க மட்டுமே நேரம் என்பதால் என்னைப் பற்றிக் கேள்விப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு அம்மாவோடு போனேன்.

வாசலைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸில் 'பூட்டு' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. நான் வருவது தெரிந்தால் சில பெண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்மென்று உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அப்படி எழுதிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்த வாரம்தான் அந்த லைனைப் பார்த்திருந்தேன். பக்கத்து வீட்டு ரஞ்சிதம் என்ற அம்மாளின் மகன் குளிர் காய்ச்சலில் கிடந்தான். நட்ட நடுப் பகலில் இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்த பையனிடம் ரத்தம் எடுத்ததும், அவர்கள் டிரம்மைக் கொட்டியதும் நான்தான்.

கதவைத் திறந்தது பெண்ணின் அம்மா முனியம்மாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வந்தியா, தண்ணி கொட்ட வந்தியா?"

"பொண்ணு பாக்கத்தாம்மா" என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

பெண்ணின் அப்பா சிரித்து, "வுடு முனிம்மா, வந்தவங்கள உள்ள கூப்பிடு" என்றார். கால் கழுவப் பின்பக்கம் அனுப்பினார்கள். தட்டி மறைப்புக்குள் பச்சைப் பெயின்ட் அடித்த டிரம். செம்பை விடப் போனவன், பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்துவிட்டேன். வெயில் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. திருவிழாக் கூட்டம் மாதிரி புழு.

எனக்கு வந்த முதல் யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். நான் பார்க்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. டூட்டி கிடையாது. நாளைக்கு வேறு யாரையாவது அனுப்பிக் கொட்டச் சொல்லலாம். கால் கழுவினேன், திரும்பினேன். வாசற்படியில் சரோஜா நின்றுகொண்டிருந்தாள். பெண்ணை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், ஈரக்காலோடு.

"இன்னா, புழு கீதா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"அவ்ளோ நேரம் குனிஞ்சி பாத்தீங்க. உங்க மூஞ்சே சொல்லுது." குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து வூட்டுப் பையன் நேத்து ராத்திரி முழுக்க உளறிக்கினு இருந்தான். அவங்க வூட்டுத் தண்ணிய அன்னிக்கே கொட்டினீங்க. எங்க வூட்டுதுன்னா வேற சட்டமா?"

எனக்குக் காது சுட்டது. கல்யாணம் ஒரு பக்கம், கம்பளிக்குள் நடுங்கிய அந்தப் பையன் ஒரு பக்கம். உள்ளே அம்மா, முனியம்மாள் சுட்ட பஜ்ஜியைப் புகழ்ந்துகொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டினேன். டிரம்மைத் தள்ளினேன்.

4. குழாயடி

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். என் அம்மா பஜ்ஜியும் கையுமாகத் தலையில் அடித்துக்கொண்டாள். முனியம்மாள் கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ காலி டிரம்மை நிமிர்த்தி வைத்து, உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"ரொப்பு. இத்த ரொப்பிட்டு அப்புறம் பொண்ணப் பத்திப் பேசு. இல்லன்னா அம்மாவ இட்டுக்கினு போய்க்கினே இரு."

சாயந்திரத் தண்ணீர் வரும் நேரம். பட்டுக்கரை வேட்டியோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேரின் டிரம்மை நான் கவிழ்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை மாரியம்மன் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை.

"ராப்பா, ரா!" என்று ஒரு தெலுங்குக்கார அம்மாள் வரவேற்றாள். "கொசு மேஸ்திரி தண்ணி புடிக்க வந்துட்டாரு டோய்!" நான் மேஸ்திரியாவதற்கு முன்பே கிடைத்த பட்டம் அது.

"குடத்துல புழு கீதா பாருங்கடி. இருந்தா கொட்டிடலாம்" என்றாள் இன்னொருத்தி.

க்யூவின் வால் எங்கே என்று காட்டினார்கள். ஒரு குடம் பிடித்ததும் மறுபடி வாலுக்குப் போக வேண்டும். அது குழாயடிச் சட்டம். அந்தச் சட்டமே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குடத்தைத் தோளில் வைத்தால் முதுகில் கொட்டியது. இடுப்பில் வைத்தால் வழுக்கியது. தலையில் வைக்கப் போனபோது ஒரு சின்னப் பெண் பரிதாபப்பட்டுச் சும்மாடு சுற்றிக் கொடுத்தாள். பாதி என் மேல், பாதி டிரம்மில். ஊற்ற ஊற்ற அந்தப் பச்சை டிரம் வாயைத் திறந்துகொண்டே நின்றது. கழுத்து கடுத்தது, வேட்டி சேறு. கவிழ்க்க எனக்கு ஒரு தள்ளு போதும். நிரப்ப ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அது அங்கே நின்றவர்கள் சிரித்ததனால் வந்த வெட்கம் அல்ல.

தண்ணீர் மெலிந்து நூலாக வர ஆரம்பித்தது. எனக்கு முன்னால் இன்னும் நீண்ட வரிசை. அன்றைக்கு நிரம்பாது என்று தெரிந்துவிட்டது. கல்யாணம் அவ்வளவுதான் என்று நின்றேன். அப்போது குழாய்க்கு நேர் கீழே குடத்தை வைத்திருந்த ரஞ்சிதம், காய்ச்சல்காரப் பையனின் அம்மா, தன் குடத்தை நகர்த்தினாள்.

"வையி."

"வேணாம்மா, உங்க முறை."

"வைய்யான்னா. எங்க வூட்டுதக் கொட்டினப்போ உன்ன மண்ணு வாரி தூத்தினேன். இன்னிக்கு மாமியா வூட்டுதையும் அதே மாதிரி கொட்டிட்டு வந்து நிக்கிற. வையி."

சிரித்துக்கொண்டிருந்த தெலுங்குக்கார அம்மாள்கூடத் தன் குடத்தை ஓரமாக இழுத்துக்கொண்டாள். நூலாக வந்த தண்ணீர் என் குடத்தில் நிறைகிற வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம். அதை ஊற்றியும் டிரம் நிரம்பவில்லை; முனியம்மாள் எட்டிப் பார்த்து, "மீதிய நாளைக்கு ரொப்பு, இப்ப உள்ள வா, பஜ்ஜி ஆறுது" என்றாள்.

5. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

மறுநாளிலிருந்து என் வேலை முறையை மாற்றினேன். நல்ல தண்ணீரைக் கொட்டுவதில்லை. மடித்த வேட்டித்துணியில் வடிகட்டி வேறு பாத்திரங்களில் ஊற்றி வைப்பேன். புழு துணியில் நிற்கும். பிறகு காலி டிரம்மின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் நான் தண்ணீரைக் கொட்டிவிட்டு முட்டையை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன், அடுத்த வாரத்துக்கு விதை மாதிரி. தேய்த்து, தண்ணீரைத் திருப்பி ஊற்றி, வாயில் துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கொசுவுக்கு வழி கிடையாது. இன்ஸ்பெக்டர், "கொட்டுன்னா கொட்டாம, இன்னா ஏகாம்பரம், பாத்திரம் தேய்க்கப் போயிட்டியா?" என்றார். "ஆமா சார்" என்றேன். ஆனால் எனக்குப் பூட்டிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாக்பீஸ் மிச்சமானது. ரஞ்சிதத்தின் பையன் பிழைத்து எழுந்து, எங்கள் கல்யாணப் பந்தியில் வடை மேல் வடை கேட்டான்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும் இதுதான். தொட்டிச் செடிக்கு அடியில் வைத்த தட்டு, கொல்லையில் கிடக்கும் கொட்டாங்குச்சி, எறும்புக்குப் பயந்து அலமாரிக் கால்களுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துவிடுங்கள். புகை போடுவதெல்லாம் அப்புறம். அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைத் தொடுவதற்கு முன் ஒரு தடவையாவது அந்தக் குழாயடியில் வரிசையில் நின்றுவிட்டு வாருங்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. பட்டுக்கரை வேட்டி ஒன்று செலவானது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்து, என் நேர்மையைப் பார்த்துத்தானே சம்மதித்தாய் என்று சரோஜாவிடம் கொஞ்சம் பெருமையாகவே கேட்டேன். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நேர்மையாவது ஒண்ணாவது. என்ன பாக்க வந்த அத்தினி பேரும் பஜ்ஜி துன்னுட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தருதான் தூக்கினு வந்து ஊத்தினீங்க. ஆயுசுக்கும் யாரு தூக்கறதுன்னு பாத்துதான சரின்னேன்? போங்க, குழாயில தண்ணி வந்துடுச்சி."

குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.