சினை வறுத்த சாயங்காலம்

பேத்தமங்களா ஏரியில வலை போடற பர்னபாஸோட பொஞ்சாதி சாரா. அவன் பிடிச்ச மீனை ஆண்டர்சன்பேட்டையில கூவி வித்தே நாலு பிள்ளைங்களை வளர்த்தவ. யாருக்கும் பயப்படமாட்டா. அவளுக்கு இருந்த ஒரே நோவு ஓரகத்தி பியாட்ரிஸ்தான்.

நேத்து வந்தவ! அதுக்குள்ள மாமியாரு, தெரு, சர்ச்சு எல்லாம் அவ பேரைச் சொல்லி உருகுது. சாரா மட்டும் உருகல, எரிஞ்சா.

யார் யாரோ பக்கத்துத் தங்கச் சுரங்கத்து வெடியைத் திருடி ஏரியில போட்டு அள்ளினதுல மீன் அத்துப்போயிட்டிருந்த காலம். அதைப் பார்க்கச் சர்க்கார்லேர்ந்து ஒரு தொரை வந்தாரு. மீன் வயித்தைக் கிழிச்சு, சினையை எடை போட்டு, அதுல ஒரு சிட்டிகை கிள்ளி முட்டையை எண்ணுவாரு. அதை வெச்சு ஏரி பழையபடி நிறையுமான்னு கணக்கு. முட்டை போதலேன்னா வலைக்குத் தடை. மீனைப் பொறுக்கி அறுத்துக் குடுக்க அவரு பிடிச்ச ஆளு யாருங்கறீங்க? பியாட்ரிஸ்!

"கல்யாணமாகி வந்தப்ப மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்தினவடி அவ!" கூட மீன் விக்கறவகிட்ட பொருமினா சாரா.

முதல்ல அறுத்ததுல பாதி மீன்லதான் சினை இருந்துச்சு. கடைசிக் கூடையைப் பார்த்துத்தான் முடிவுன்னாரு தொரை. பியாட்ரிஸ் வயிறு புடைச்ச கெண்டையாப் பொறுக்கி, ஈரச்சாக்குப் போட்டு மூடிட்டு, கத்தி எடுக்கப் போனா. சாரா அக்கம்பக்கம் பார்த்தா. அத்தனையும் மடியில கட்டிக்கிட்டு, வயிறு ஒட்டின மீனை அங்க போட்டா. தொரை முன்னால அவ மூஞ்சியில கரி பூசணும். சாராவோட நினைப்பு அதுக்கு மேல போகல.

சாயங்காலம் பியாட்ரிஸ் அழுதுக்கிட்டே சாரா வீட்டுக்கு ஓடியாந்தா.

"கெட்டோம்க்கா! ஒண்ணுலகூட முட்டை இல்ல. ரெண்டு வருஷத்துக்கு யாரும் வலை போடக்கூடாதுன்னுட்டாரு தொரை. மாமா இன்னா பண்ணுவாரு, பிள்ளைங்க இன்னா சாப்பிடும்?"

அடுப்புல சினை பொரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. பிள்ளைங்க கையில ஆளுக்கொரு துண்டு. பியாட்ரிஸ் சட்டியைப் பார்த்தா, சாராவைப் பார்த்தா. முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா.

பர்னபாஸ் வலையைப் பரண்ல போட்டுட்டுச் சுரங்க வேலைக்குப் போனான். ஆயுசுக்கும் தண்ணி மேல நின்னவன், கூலிக்காகக் கேஜுங்கற இரும்புக் கூண்டுல ஏறி இருட்டுக்குள்ள இறங்கினான். அவன் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் சாராவுக்கு உசுரு கையில இருக்காது. அப்ப கஞ்சிப்பானையோட வந்து துணைக்கு உக்காருவா பியாட்ரிஸ்.

சட்டியில பார்த்ததை அவ யாருகிட்டயும் மூச்சு விடல. சொல்லித் தொலைச்சிருந்தாலாவது தெருவுல நின்னு சண்டை போட்டு ஆறியிருக்கலாம். அந்தப் பெரிய மனசும் அவளுக்கே வாய்ச்சுதேன்னு, கண்ணை மூடற வரைக்கும் சாராவுக்கு வயித்தெரிச்சல்.