சந்தனம் அப்பிய சுவிட்ச்

கருகிய மீன் செதில் வாடை. நேற்று வீட்டில் ஒரு சார்ஜர் புகைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாடை என்னைச் சங்கரன்கோவிலில் இருக்கும் அத்தானின் லேத் பட்டறைக்கு இழுத்துப்போய், வாயை மூடிக்கொண்டு நின்ற அதே இடத்தில் நிறுத்திவிட்டது.

அத்தான் என் அக்காளின் புருஷன். விசைத்தறிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற பட்டறை. முதலாளி அவர், கடைகிற ஆள் அண்ணாச்சி ஒருவர். வேகம் மாற்ற ஒவ்வொரு தடவையும் பெல்ட்டை இழுத்து வேறு புல்லியில் போட வேண்டும். இழுத்து இழுத்து அண்ணாச்சியின் வலது தோள் போய்விட்டது. ஆகவே அந்தக் கிழட்டு லேத்துக்கு ஒரு டிரைவ் வந்தது. குமிழைத் திருகினால் மோட்டாரின் வேகம் மாறும் பெட்டி. அது ஓடினால் அண்ணாச்சிக்கு வேலை, ஓடாவிட்டால் வீடு. இதை அத்தான் தர்மம் செய்கிற முகத்தோடு அவரிடமே சொன்னார்.

என்னைக் கூப்பிட்டது பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வாசிக்க. கவிதை எழுதுகிறவனுக்கு அவர்கள் கண்டுபிடித்த ஒரே உபயோகம். சத்தமாக வாசித்துத் தமிழிலும் சொன்னேன். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்த சுவிட்சும் இருக்கக்கூடாது, ஓடும்போது அதைத் தட்டினால் டிரைவ் செத்துப்போகும். நடுவில் இருந்ததோ பழைய கைப்பிடி சுவிட்ச். தள்ளினால் லேத் முன்னே சுற்றும், இழுத்தால் பின்னே. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அத்தான் அப்பிய சந்தனம் அதில் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"கும்பிட்ட சுவிட்ச்ச கழத்தணுமாக்கும்? அது பாட்டுக்கு இருக்கட்டும் மாப்ளே" என்றார். பெட்டி மாட்ட வந்தவன் புளியங்குடி பஸ்ஸுக்கு மணி பார்த்தான், தலையாட்டினான். நான் புத்தகத்தை மூடினேன்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி ஒரு ஷாஃப்டில் நட்டு ஏறுகிற மரை வெட்டிக்கொண்டிருந்தார். மரை முடிகிற இடத்தில் லேத்தைப் பின்னே சுற்றவிட வேண்டும், அதற்கு இப்போது பெட்டியிலேயே பொத்தான். இருபது வருஷமாக அவர் கை அதற்குப் போன இடம் ஒன்றுதான். போயிற்று. டப்பென்று ஒரு சத்தம், பிறகு அந்த வாடை.

அத்தான் சுவிட்சின் பக்கம் திரும்பவேயில்லை. கண் மட்டு, கை நிதானமில்லை, புதுசு இவருக்கு ஒத்துவராது என்று அண்ணாச்சியை அளந்துகொண்டே போனார். அந்தக் குரலில் இருந்த திருப்தியை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றும். துப்ப எனக்கென்ன யோக்கியதை? வார்த்தையை விதவிதமாய்ச் சுழற்றத் தெரிந்த வாய், புத்தகத்தின் ஒரே ஒரு வரியைத் திருப்பிச் சொல்ல வேண்டிய நேரத்தில் பூட்டிக்கிடந்தது. அக்காள் வாழ்கிற வீடு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான சமாதானம்.

அண்ணாச்சி எண்ணெய்க் கையைத் துடைத்தார், தூக்குச்சட்டியை எடுத்தார், கிளம்பிவிட்டார். ரோடு வரைக்கும் கூடவே போனேன். எனக்கு ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. அங்கேயும் பேசியது அவர்தான்.

"நீரு வாசிச்சது என் காதுலயும் விழுந்துச்சு வே, கைதான் மறந்துட்டு. அத விடும். அங்கன நீரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. சரி, வாரேன்."