பாலைவனத்தில் எரித்த பச்சைக் கதவு

1998 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு என்னை லண்டன் நோர்பரி ரயில் நிலையத்தில் காரில் கொண்டுவந்து இறக்கியவர் தவம் அண்ணை. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் ஒன்பது வருடமாக இருந்தோம். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்தவர், யூனிபோர்மைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"உண்மையா வனாந்தரத்துக்கோ போறாய்?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. அமெரிக்காவிலை, நெவாடா எண்டு ஒரு இடம். சிற்பம் செய்யிறவை, படம் கீறுறவை, பாட்டுக்காரர் எல்லாரும் ஒரு கிழமை வந்து நிப்பினம். ஒண்டும் விக்கிறேல்லை. செய்ததைக் கடைசியிலை எரிச்சுப்போட்டு வந்திடுவினம்."

"எரிக்கிறதுக்கோ செய்யினம்?"

"ஓம்."

அவர் பின்சீற்றிலிருந்து என் பையை எடுத்துத் தந்தார். பிறகு, "சரி. தண்ணியை நல்லாக் குடி. வெயிலுக்கை தலையைக் காட்டாதை" என்றார்.

இந்தப் பயணத்துக்கு என்னை இழுத்தவன் மார்ட்டின். குரொய்டனில் படச்சட்டம் செய்யும் பட்டறையொன்றில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தான். வார இறுதிகளில் பழைய மரத்தில் சிற்பம் செய்வான், ஒன்றும் விற்காது. போன வருடம் அந்த விழாவுக்குப் போய் வந்தவன், மாதக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தான். "அங்கே பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. யாராக இருந்தாலும் எதையாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும்" என்பான். பத்து வருடமாக மற்றவர்களின் படங்களுக்குச் சட்டம் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது.

கட்விக் விமான நிலையத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பதினொரு மணி நேரம். போக, வர நானூற்றுப் பன்னிரண்டு பவுண். எங்களை வரவேற்ற மார்ட்டினின் சிநேகிதி கரோல், ஓக்லண்டில் ஒரு பாடசாலையில் தச்சுவேலை படிப்பிப்பவள். ஐம்பது வயதிருக்கும், மார்ட்டினை விட உயரம். அவளுடைய வேனின் கூரையில் எட்டுப் பழைய கதவுகள் கட்டியிருந்தன. இடித்த வீடுகளிலிருந்து பொறுக்கியவை. அவற்றைப் பாலைவனத்தில் நிமிர்த்தி நாட்டுவது, ஒவ்வொரு கதவுக்கும் ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றைச் சொல்லி அதை அலங்கரிப்பது, சனிக்கிழமை எல்லாவற்றையும் எரிப்பது. இதுதான் அவர்கள் இருவரும் கடிதத்தில் போட்ட திட்டம்.

திங்கட்கிழமை. விடியப் புறப்பட்டு மலை ஏறி இறங்கி, மதியத்துக்கு ரீனோ நகரம். அங்கே ஆறு நாளைக்குத் தேவையான தண்ணீரை ஏற்றினோம், ஆளுக்கு ஒன்பது கலன். வாட்ஸ்வர்த் என்ற ஊரில் பெருந்தெருவை விட்டு வடக்கே திரும்பினால் எழுபத்தைந்து மைல்களுக்கு ஒரு கடையும் இல்லை. கடைசி ஊரான கெர்லக்கில் ஒரு பெற்றோல் பம்பும் ஒரு சாராயக்கடையும் கண்டேன். அதையும் தாண்டினால் வற்றிப்போன ஏரியின் தரை. புல் இல்லை, கல் இல்லை. வீட்டுக் கூடம் போல மட்டமாக, வெள்ளையாக, மலையடிவாரம் வரை கிடந்தது. மணலை எதிர்பார்த்துப் போனேன். மாவு போன்ற தூசிதான் இருந்தது. இறங்கிய ஐந்து நிமிடத்தில் நாக்கில் சுண்ணாம்பு ருசி.

விழா வாசலில் நின்ற பெண்ணின் இமைகளும் வெள்ளையாக இருந்தன. என்னைக் கட்டிப்பிடித்து, "வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாய்" என்றாள். எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னாள். என்றாலும், லண்டனில் முதன்முதல் இறங்கியபோது எப்போது திரும்பிப் போவாய் என்று கேட்கப்பட்டவனுக்கு அது சின்ன விஷயமல்ல. பிறகு கேட்டாள்: "என்ன கொண்டுவந்தாய்?"

மார்ட்டின் கதவுகளைக் காட்டினான். நான், "இன்னும் தெரியாது" என்றேன்.

"தெரியவரும்" என்றாள்.

செவ்வாய் முழுதும் சுற்றினேன். ஆயிரக்கணக்கான கூடாரங்கள் அரைவட்டமாக நின்றன. நடுவில் மரத்தால் செய்த பெரிய மனித உருவம். ஒருவர் காலையிலிருந்து மாலைவரை முன்பின் தெரியாதவர்களுக்கு முடி வெட்டினார். ஒரு வக்கீல் வாளியும் துணியும் வைத்துக்கொண்டு வருவோர் போவோரின் கால்களைக் கழுவினார். கழுவும்போது ஒரு பேச்சும் இல்லை. என் காலையும் கழுவினார். ஐஸ் கட்டியும் கோப்பியும் தவிர வேறெதற்கும் காசு செல்லாது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னேரம் ஆனபோது சிரிப்புப் போய், வெறுங்கையோடு வந்துவிட்டேனே என்ற கூச்சம் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் வெயில் தாங்க முடியாமல் வேனுக்குப் பக்கத்தில் கட்டிய படங்கின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் மூவர், அடுத்த கூடாரத்துக்காரர் நாலைந்து பேர். அவர்களில் ஒருத்தி ரூத், சக்ரமெண்டோவில் தாதியாக வேலை பார்ப்பவள், அறுபதை நெருங்கியவள். கரோல் தன் கதவுக்கான கதையைச் சொன்னாள். மார்ட்டின் தன் தகப்பன் வீட்டை விட்டுப் போன நாளைச் சொன்னான். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் இலங்கையிலிருந்து வந்தவன் என்று மார்ட்டின் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அந்த முகங்கள் ஒரு துயரத்தைக் கேட்க ஆயத்தமாக இருந்தன.

என்னிடம் அப்படி ஒன்று இல்லை. 1986இல் மாணவர் விசாவில் விமானம் ஏறி வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில், எங்கள் வீட்டு ஓடுகூட அதுவரை விழுந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது தவம் அண்ணையின் கதை. 83 ஜூலையில், கலவரம் வெடித்த நாள், அவர்களின் குடும்பம் கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் இருந்தது. அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகப்பனார் அன்று காலை தானே முன்கதவுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். மத்தியானம் வந்தது தமிழரின் வீடுகளுக்கு நெருப்பு வைக்கிற கூட்டம். பின்மதிலால் குதித்து அடுத்த வீட்டுச் சிங்களவரின் சமையலறையில் ஒளிந்தார்கள். யன்னல் இடுக்கால் தன் வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தகப்பனார், "பெயின்ற் இன்னும் காயேல்லை" என்று மட்டும் சொன்னார். அகதி முகாமில் மற்றவர்கள் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தும் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பச்சையைக் கழுவ விடவில்லை. இரண்டு வருடத்தில் செத்துப்போனார். இதைத் தவம் அண்ணை ஒரேயொரு தடவை, காய்ச்சலாகக் கிடந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

தொடங்கும்போது "ஒரு தகப்பன்" என்றுதான் தொடங்கினேன். இரண்டாவது வசனத்தில் அது "என் தகப்பன்" ஆகிவிட்டது. வாய் தவறியது என்று சொல்லமாட்டேன். கரோலின் கண் கலங்குவதைக் கண்டேன், தொடர்ந்தேன். என் தகப்பனார் அந்த நேரம் மானிப்பாயில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்திருப்பார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் என் கதவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். யாரோ பச்சைப் பெயின்ற் கொண்டுவந்து கொடுத்தார்கள். காயாத பெயின்றில் ஒவ்வொருவராக உள்ளங்கையைப் பதித்துவிட்டுப் போனார்கள். முகம் தெரியாதவர்கள் என்னைத் தேடி வந்து தோளைத் தொட்டார்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை சூரியன் மலைக்குப் பின்னால் போகும் நேரம் கதவுகளுக்கு நெருப்பு வைத்தோம். பச்சைக் கதவு கடைசியாகப் பிடித்தது. ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்த தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பெயர், வயது, அன்று காலை அவனோடு போட்ட சண்டை. "பதினொரு வருடம், ஒருவரிடமும் சொன்னதில்லை. நீ சொன்னாய், அதனால் சொல்ல முடிந்தது" என்றாள். அவள் கொடுத்தது அவளுடையது. என் பக்கம் இருந்ததில் ஒன்றும் என்னுடையதல்ல. அப்போதுதான் நான் செய்தது இன்னதென்று எனக்கு முழுதாக விளங்கியது.

ஞாயிறு காலை. வந்தவர்கள் ஒரு ஆணிகூட விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அங்கே கட்டாயம். ரூத்தும் நானும் முழங்காலில் நின்று சாம்பலைச் சல்லடையில் சலித்துக் கதவுப் பிணைச்சல்களையும் ஆணிகளையும் பொறுக்கினோம்.

"ரூத், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம். நீ கொடுக்க வேண்டியதற்கு மேலாகவே கொடுத்துவிட்டாய்."

நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கட்விக்கில் இறங்கி, ஈஸ்ட் குரொய்டனில் ரயில் மாறி, நோர்பரிக்கு வந்தேன். மழை தூறியது. தவம் அண்ணை சோறும் கத்தரிக்காய்க் கறியும் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். பிறகு பயணம் எப்படி என்று கேட்டபோது, கால் கழுவிய வக்கீலைப் பற்றிச் சொன்னேன். அவர் ரசித்துச் சிரித்தார். கதவுகளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

ஒக்டோபர் நடுப்பகுதியில் கரோலிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "படம் போலை கிடக்கு, உடை பாப்பம்" என்றார் தவம் அண்ணை. மறுக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. முதல் படத்திலேயே வெள்ளைத் தரையில் பச்சைக் கதவு, அதில் முழுக்கக் கைகள். பக்கத்தில் நான்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பச்சை இல்லை" என்றார். "இன்னும் கடும்பச்சை."

நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"என்ரை அப்பா எண்டு சொன்னனியோ, உன்ரை அப்பா எண்டு சொன்னனியோ?"

"என்ரை எண்டு."

அவர் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கேட்டவை அழுதவையோ?"

"ஓம் அண்ணை."

"நான் இஞ்சை வந்து பதினாலு வருசம். ஹோம் ஒஃபிசிலை அகதி விசாரணைக்குக் கேட்டவங்கள். அது வேறை. வேறை ஒருத்தரும் கேக்கேல்லை." கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "நீயும் கேக்கேல்லை. காய்ச்சல் எண்டபடியால் நானாத்தான் சொன்னனான்."

பிறகு இரண்டு கிழமை அவர் என்னோடு பேசவில்லை. ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைத்தோம். வீடு மாறிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, ரூத்தின் விலாசத்தைக் கரோலிடம் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் எழுதி, கடிதத்தை அவருடைய அறைக்குக் கொண்டுபோனேன்.

"அனுப்பமுதல் வாசியுங்கோ அண்ணை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மன்னிப்புக் கேக்கிறதை இவ்வளவு நீட்டாதை. அது உன்னைப் பற்றியெல்லோ கிடக்கு" என்று ஒரு பக்கத்தை அப்படியே வெட்டினார். தகப்பனாரின் பெயரைச் சேர்த்தார். சமையலறையில் ஒளித்துவைத்த அந்தச் சிங்கள மனுசியின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பாலைவனத்தை நான் இன்றைக்கும் குறைத்துப் பேசமாட்டேன். தெரியாத ஒருவரின் காலைக் கழுவ, தெரியாத ஒருவரின் கதையை உட்கார்ந்து கேட்க, அவ்வளவு பேர் அவ்வளவு தூரம் தூசிக்குள் வந்தார்கள். அவர்களிடம் பொய் இல்லை. நான்தான் ஐயாயிரம் மைல் போய், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை விற்றுவிட்டு வந்தேன்.

டிசம்பரில் ரூத்தின் பதில் வந்தது. உறையில் என் பெயர் இல்லை, தவம் அண்ணையின் பெயர்தான் இருந்தது. கதவடியில் கிடந்ததை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் ஷிப்டுக்குப் போகப் புறப்பட்டவர், ஜக்கெற்றைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்து வாசித்தார். முடித்துவிட்டு முதலிலிருந்து திரும்பவும் வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகும் அவர்களுக்குள் கடிதங்கள் போய்வந்தன. என்ன எழுதியிருந்தாள் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.