பெயரையும் ஊரையும் மாற்றினேன்

கோவில்பட்டியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலை பார்க்கும் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். குச்சி மருந்து கையில் ஒட்டியிருக்கிறது, தொட்டால் பிள்ளை மேல் தீப்பற்றிக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு பயம். தோல் உரியும்வரை கை கழுவுவார், பிள்ளையைத் தொடவே மாட்டார். மூன்று மாதம் பேசிப் பேசி, ஒருநாள் பிள்ளையைத் தூக்கிவிட்டார்.

அவருடைய ஆபீஸிலேயே மனநலம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் அவரைப் பார்த்தேன். தன் கதையைக் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு. பெயரை மாற்றி, ஊரைக் கழுகுமலை என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

கை கழுவுவதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒருத்தி பின்னால் திரும்பினாள். பிறகு இன்னொருத்தி. நான் நிறுத்தவில்லை. பிள்ளையைத் தொடாத கதையையும் சொல்லி முடித்தபோது எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

வாசலுக்கு ஓடிப்போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பேர மாத்திட்டிய மேடம், சரி. நான் கை கழுவுதத இவளுவ தெனமும் குழாயடியில பாக்குதாளுவ. புள்ளயத் தொடாம இருந்தது வீட்டுக்கு வெளிய உங்களுக்கு மட்டுந்தான தெரியும்?"

அதன்பிறகு அவர் வரவில்லை. இப்போதும் பிள்ளையைத் தூக்குகிறாரா என்று யாரிடமாவது கேட்க வாயெடுப்பேன். கேட்டால், அவர் கதையை இன்னொரு முறை வெளியே சொன்னதாகிவிடும்.