தென்கிழக்கு மூலை

பாலித் தீவில் ஒரு குடும்பத்தின் கோயிலை இடிக்கச் சொன்னவன் நான். கனடாவில், மொன்றியல் நகர மத்தியில், ஒரு கட்டட வரைவு நிறுவனத்தில் இருந்துகொண்டு சொன்னேன்.

அந்தத் தீவின் வடகரையில் ஒரு விடுதி கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்திருந்தது. மதில் சூழ்ந்த பழைய வளவு. உள்ளே தனித்தனியாகச் சிறு கட்டடங்கள். உரிமையாளரான முதியவர் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போயிருந்தார். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வீட்டுக் கோயிலில் கை வைக்கக் கூடாது.

அங்கிருந்து வந்த அளவைப் படத்தில் வெறும் சதுரங்கள். எது என்ன என்று எழுதியிருக்கவில்லை. முதியவரிடம் கேட்டு எழுதலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் சிரித்தேன். "அவர்களும் இந்துக்கள், நானும் இந்து. நானே குறித்துத் தருகிறேன்" என்றேன். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுவோர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: வடகிழக்கு சாமிக்கு, தென்கிழக்கு அடுப்புக்கு. அப்படியே குறித்தேன். சமையலறை என்று நான் எழுதிய தென்கிழக்கு மூலையில் நீச்சல்குளம் வருவதாக முடிவாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் வந்தது. அவர் வேறு தீவிலிருந்து வேலைக்கு வந்தவர். 'சமையலறை என்ற இடத்தில் கற்பீடங்கள் நிற்கின்றன. ஒன்றில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. திங்கள் காலை எட்டு மணிக்கு இடிக்கலாமா?' வரைபடத்தின்படி செய்யுங்கள் என்று பதில் எழுதினேன்.

சனிக்கிழமை மனம் கேளாமல் தேடிப் படித்தேன். அங்கே திசையைச் சொல்வது மலை. மலைப் பக்கமும் சூரியன் எழும் பக்கமும் சேரும் மூலையில்தான் கோயில். தென்கரையில் மலை வடக்கே இருக்கிறது; அங்கே என் கணக்குச் சரி. வடகரையில் மலை தெற்கே; கோயில் தென்கிழக்கில்.

ஞாயிறு காலை மனைவியோடு ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். பாலியில் அப்போது ஞாயிறு இரவு. எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முந்திய ஊர். மாலை எட்டு மணி வரை எனக்கு நேரம் இருந்தது. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"ஏனப்பா, முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

சொன்னேன், படித்ததை மட்டும் விட்டுவிட்டு.

"துணி கட்டியிருக்கெண்டு அந்த மனிசன் சொல்லுதெல்லே. ஆர் அடுப்புக்குப் பட்டுக் கட்டுறது?"

"அங்கத்தை வழக்கம் உமக்குத் தெரியுமோ?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோவன்."

"பேந்து எடுக்கிறன்."

"உங்கடை பேந்து எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு அவள் தக்காளிப் பக்கம் போனாள்.

புறநகரான புரோசார்டில் உள்ள வீட்டுக்கு வந்து போனை மேசையில் வைத்தேன். ஆறு மணி. ஏழு. இலக்கத்தை அழுத்தி அழுத்தி நிறுத்தினேன். அழைத்தால், தெரியாமல் சிரித்தவன் என்று திங்கட்கிழமை எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த எனக்கு அது பெரிதாக இருந்தது. ஏழே முக்காலுக்குக்கூட ஒரு சொல் போதும்.

எட்டரைக்கு அழைத்தேன். முடிந்திருக்கும் என்று தெரிந்துதான் அழைத்தேன், அழைத்தேன் என்று பிறகு சொல்வதற்காக. முடிந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். துணியை மட்டும் மடித்து வைத்திருக்கிறாராம்.

அடுத்த வாரம் காணொளியில் முதியவர் வந்தார். அவர் கோபப்படவில்லை. சமையலறை என்று எழுதியது யார் என்று மட்டும் கேட்டார். அளவைக்காரரின் பிழை என்றார் என் மேலாளர். நான் தலையாட்டினேன்.

இந்த வருடம்தான் முதியவருக்குக் கடிதம் எழுதினேன், ஞாயிற்றுக்கிழமையையும் எட்டரை மணியையும் மறைக்காமல். அவருடைய மகள் பதில் அனுப்பினாள். குளத்தின் ஓரம் அப்பா இன்னும் வந்து பூ வைக்கிறார், விருந்தினர்கள் அவரைப் படம் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு வரி: 'உங்கள் வீட்டில் சாமி எந்த மூலையில் என்று அப்பா கேட்கிறார்.'

எங்கள் வீட்டில் அது நிலவறையில், துணி தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அலுமாரிக்குள் இருக்கிறது. எந்த மூலை என்று நான் பார்த்ததில்லை. இன்னும் பதில் எழுதவில்லை.