பின்னால் போய்ப் பார்க்கிறவள்

“அண்ணே, அந்த மரத்தை அப்படி மொறைக்காதீங்க. அது ஒங்களைத்தான் பாத்துக்கினு இருக்கு. எந்தப் பக்கம் போனாலும் ஒங்களையேதான் பாக்கும்” என்கிறாள் ஸ்டெல்லாமேரி, உளுந்து வடையைக் கடித்தபடி. கார் ஓட்டும் மிஷினில் சாமிக்கண்ணு அதே மரத்தில் மறுபடியும் மோதியிருக்கிறார். மில்லில் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், சாரம் பகுதியில் இவள் நடத்தும் வீடியோ கேம் கடைக்கு நேரே வந்துவிடுகிற மனிதர் அவர்.

கடைப் பலகையில் ‘3D’ என்று எழுதவைத்தது அவளுடைய அண்ணன் லூயிஸ். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற படம் ஊரில் ஓடிய நேரம் அது. பலகையைப் பார்த்துவிட்டு நுழைகிற ஒவ்வொருவரும் “கண்ணாடி எங்க?” என்று கையை நீட்ட, ஸ்டெல்லாமேரிக்கு அலுத்துப்போயிற்று. பலகையை இறக்க லூயிஸ் சம்மதிக்கவில்லை. சரிதான் போ என்று, அவளே ஆட்டங்களுக்குத் தனியாகப் பேர் வைத்துவிட்டாள்.

ஆளும் தரையும் ஒரேயடியாகத் தட்டையாக இருந்தால் ‘அப்பளம்’. உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிற மாதிரி வீடும் சுவரும் வரைந்திருந்தால் ‘மொட்டைமாடி’. சாமிக்கண்ணுவின் கார் ஆட்டம்போலச் சாலை மட்டும் ஆழமாக உள்ளே ஓட, ஓரத்து மரமும் ஆளும் வெறும் படமாக நிற்குமே, அது ‘கட்டவுட்டு’. “முன்னாடி பாத்தா முப்பதடி. பின்னாடி போனா சவுக்குக் கம்பு” என்று விளக்கம் வேறு. இப்போது சாரத்தில் பாதிப்பேர் இந்தப் பாஷைதான் பேசுகிறார்கள்.

வம்பு என்னவென்றால், பேர் வைப்பது ஆட்டங்களோடு நிற்கவில்லை. எல்லாரையும் மேலிருந்தே பார்க்கும், கடையை வாடகைக்கு விட்ட கட்டடச் சொந்தக்காரர் மொட்டைமாடி. வார்த்தைக்கு வார்த்தை ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொன்ன, அவளைப் பெண்பார்க்க வந்த பாரிஸ் மாப்பிள்ளை கட்டவுட்டு. பத்திரிகையில் எழுதுகிறவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அப்பளம்” என்றாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் மறுநாளே போய் நின்றேன்.

முப்பது வயதாகிறது அவளுக்கு. லூயிஸ் கொண்டுவந்த வரன்கள் எல்லாம் இப்படிப் பேர் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடைசியாகப் பார்த்தது சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை செய்யும் அருளானந்தம். அதற்குள் லூயிசுக்குப் பொறுமை போய்விட்டது.

“இவனையும் கட்டவுட்டுன்னு சொன்னே, மிஷின் எல்லாத்தையும் வித்துடுவேன். அப்பறம் வூட்ல குந்திக்கினு ஜெபமாலை உருட்டு.”

எதற்கும் பதில் வைத்திருப்பவள், வடையைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். அந்த மிஷின்கள் போனால் அவளுக்கு வேறெதுவும் இல்லை என்பது கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். எனக்கு லூயிஸ்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

போன ஞாயிறு, பூசை முடிந்து அருளானந்தம் கடைக்கே வந்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, கத்தி மடிப்பாகச் சட்டை. லூயிஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் சாமிக்கண்ணுவும் கண்டும் காணாததுபோல் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமே, பேசவில்லை. நேரே கார் மிஷினில் போய் உட்கார்ந்தார். கிளம்பியதுமே காரைச் சாலையைவிட்டு இறக்கி மரத்தில் மோதினார். மறுபடி இறக்கினார், மறுபடி மோதினார்.

“ரோடு அந்தாண்ட இருக்கு” என்றாள் ஸ்டெல்லாமேரி.

“தெரியுதுங்க. மரத்துக்குப் பின்னால இன்னா இருக்குன்னு பாக்கலாம்னு போறேன். வுட மாட்டேங்குது.”

லூயிஸ் தலையில் அடித்துக்கொண்டான். சாமிக்கண்ணு என் தொடையைக் கிள்ளினார்.

“பின்னால ஒண்ணும் இருக்காது” என்றாள் அவள்.

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

இதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முன்பக்கம் அத்தனை மிடுக்காக இருந்த சட்டை, பின்னால் கசங்கி, வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவசரத்தில் முன்பக்கத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டிருக்கிறார் மனிதர். காலர் பாதி உள்ளே மடிந்துகிடந்தது. போச்சு, பேர் விழப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம்.

ஸ்டெல்லாமேரி வடை எண்ணெய் பட்ட விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் காலரை வெளியே எடுத்துச் சரியாக மடித்துவிட்டாள்.