பட்டறையில் பாம்புக்குப் பால் வார்த்தது

சிட்னிக்கு வந்து நான் பார்த்த முதல் வேலை துப்பாக்கிக்கு உறை தைப்பது. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. எழுபதுகளின் நடுப்பகுதி அது. லிட்கம் ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. முதலாளி போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த வயசாளி. குதிரைச் சேணம் தைத்துப் பழகிய கை. சனி ஞாயிறுகளில் குறி பார்த்துச் சுடுகிற கிளப்காரர்கள் வந்து, இடுப்பில் கட்டும் உறைக்கு அவரிடம் ஓடர் கொடுப்பார்கள். வெறும் மாட்டுத்தோல் அவர்களுக்குப் போதாது. நடுவில் முதலைத் தோல் வேண்டும், உடும்புத் தோல் வேண்டும், ஒருவருக்குத் திருக்கை மீனின் தோல்கூட வேண்டியிருந்தது. கலியாணச் சேலைக்குக் கரை பார்க்கிற எங்கள் பெண்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

கனத்த மாட்டுத்தோலில் இலை வடிவில் ஒரு சன்னல் வெட்டுவார் முதலாளி. அந்தச் சன்னலுக்குப் பின்னால் முதலைத் தோலை ஒட்டி, சுற்றிவர மெழுகு நூலால் தைக்க வேண்டும். ஒட்டுகிற தோலின் விளிம்பைச் சீவிச் சீவிக் கடதாசி மாதிரி ஆக்காவிட்டால் உள்ளே மேடு தட்டும், துப்பாக்கி சிக்கும். அந்தச் சீவல் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே எனக்குக் கைவந்துவிட்டது. பலாக்கொட்டைக்குத் தோலுரித்த கைதானே. முதலாளிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. மெல்லிய தோல் எது வந்தாலும் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்.

தோல் தொடுகிற வேலை என்று தெரிந்தால் எங்கள் சனம் என்ன கதைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் மனுசன் யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்டால் ஹான்ட்பாக் தைக்கிறா என்று சொல்லுவோம் என்றார். ஹான்ட்பாக் என்ன, வாழைநாரிலா தைக்கிறார்கள்? எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அந்த ஆண்டுதான் மூன்றாம் தரமாக எனக்கு வயிற்றில் தங்கியது. முதல் இரண்டும் ஊரிலேயே, மூன்று மாதம் தாண்டாமல் போய்விட்டன. சாதகம் பார்த்தவர் நாகதோஷம் என்றார். நாகதம்பிரான் கோயிலுக்குப் போய்ப் பால் வார்த்து, பிள்ளை பிறந்தால் வெள்ளியில் நாகம் செய்து தருகிறேன் என்று நேர்த்தி வைத்தோம். இங்கே வந்து தங்கிய இதற்கு இப்போது ஐந்தாம் மாதம். இருமக்கூடப் பயந்துகொண்டு திரிந்தேன். இந்தப் பிள்ளை தங்க வேண்டும், அதைவிட எனக்கு உலகத்தில் வேறொன்றும் தேவைப்படவில்லை.

அப்படியிருக்க ஒரு நாள் முதலாளி என் மேசையில் ஒரு நீளத் தோலை விரித்தார். கறுப்பு, அதன்மேல் மஞ்சள் பூப்பூவாக. மலைப்பாம்பு. சிட்னிக்கு வடக்கே ஓர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம். அவருடைய கொட்டகைக் கூரையில் பல வருசமாக இருந்து எலி பிடித்த பாம்பாம், செத்துப்போய்விட்டதாம். தோலைத் தானே பதப்படுத்தி, இதை வைத்து ஓர் உறை செய்து தா என்று கேட்டிருந்தார்.

நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் பாம்புத் தோலை வெட்டுவதா? கையை மடியில் ஒளித்துக்கொண்டு, நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வீடு இருந்த மெரிலேண்ட்ஸுக்கு ரயில் எடுத்தேன்.

என் மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"செத்த பாம்பு உம்மை என்ன செய்யப்போகுது? முதலையை வெட்டேக்க நீர் ஒண்டும் சொல்லேல்லையே. முதலைக்குக் கோயில் இல்லாதபடியாலோ?"

"உங்களுக்குப் பகிடி. வயித்தில வச்சிருக்கிறது நான்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து, வேண்டாமென்றால் வேலையை விட்டுவிடும், எப்படியும் சமாளிக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். விட எனக்கு மனமில்லை. வெட்டவும் பயம். இரவு முழுக்கப் புரண்டு படுத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெட்டுவதற்கு முன் அதனிடமே மன்னிப்புக் கேட்பது.

அடுத்த நாள் விடிய, முதலாளி காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போகிற நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். தோலை மேசையில் கிழக்குப் பார்த்து விரித்தேன். கற்பூரம் கொளுத்தப் பயம், பக்கத்தில் பசை டின்கள். மருந்துப் போத்தலில் கொண்டுபோன பாலைத் தலைப்பக்கம் வார்த்து, மஞ்சள் தூவி, குங்குமம் வைத்தேன். "நாகதம்பிரானே, வேறை வழியில்லாமல் கை வைக்கிறன், என்ரை பிள்ளையை ஒண்டும் செய்து போடாதை" என்று கும்பிட்டேன். அழுகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கண்ணைத் திறந்தால், பாலைக் காணவில்லை. தோல் குடித்துவிட்டது. வியர்வைக் கை பட்டாலே கறை பிடிக்கும் என்று நாள் முழுக்கக் கையைத் துடைத்துத் துடைத்து வேலை செய்கிறவள் நான். அந்த மூளை எங்கே போனது? மஞ்சள் பாலோடு சேர்ந்து ஊறி, கறுப்பும் மஞ்சளுமான பூக்களுக்குக் குறுக்கே ஓடியிருந்தது. குங்குமம் ஒரு காயம் போலத் தெரிந்தது. துடைக்கத் துடைக்க இன்னும் பரவியது. செதில்கள் ஓரத்தில் நிமிரத் தொடங்கின.

முதலாளி பாணோடு வந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தோட்டக்காரருக்கு வேறு பாம்பு கிடையாது என்றார். இன்றைக்குத் துப்பாக்கி அளவு கொடுக்க வருகிறார், நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

மத்தியானத்துக்கு முன் அவர் வந்தார். நெடிய மனிதர், வெயிலில் வெந்த கழுத்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் தோலை அவருக்கு முன்னால் விரித்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு இது சாமி, எனக்கு வயிற்றில் பிள்ளை, ஏற்கனவே இரண்டு தங்கவில்லை, அதனால் மன்னிப்புக் கேட்டேன், உங்கள் தோலைப் பாழாக்கிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மஞ்சள் ஓடிய இடத்தை விரலால் தடவினார். இந்தப் பாம்பு தானாகச் சாகவில்லை என்றார். லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர்தான் ஏற்றிவிட்டாராம். தோலை உரிக்கும்போது பார்த்தாராம், வயிறு நிறைய முட்டை. அந்தப் பாம்புக்குக் கோடையில் தண்ணீர் வைக்கிற மனைவியிடம் இன்னும் சொல்லவில்லையாம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இது மனிதர்மேல் பழி வைக்குமா என்று கேட்டார்.

சினைப்பாம்பைக் கொன்றால் குலத்துக்கே ஆகாது, ஏழு தலைமுறைக்கும் விடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சினைப்பாம்பின் தோலில்தான் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அந்த மனிதரின் முகம் இருந்த இருப்பில், அதை எப்படி அவரிடம் சொல்வது?

"இல்லை. அது மன்னிச்சிட்டுது" என்றேன்.

உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

"நான் கேட்டனான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, மஞ்சள் பட்ட இடத்தை வெட்டி எறிய வேண்டாம், அதையே உறைக்கு நடுவில் வை என்று சொல்லிவிட்டு அளவு கொடுக்கப் போனார்.

நான் கத்தியை எடுத்து, நிமிர்ந்த செதில்களை கட்டைவிரலால் அழுத்திப் படிய வைத்து, விளிம்பைச் சீவத் தொடங்கினேன். அந்த மனிதரைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன். சீவிக்கொண்டிருக்கும்போதுதான், அந்தப் பதில் எனக்கும் சேர்த்துத்தான் என்பது மண்டையில் ஏறியது. கேட்டவள் நான்தானே. கை ஒரு இடத்திலும் பிசகவில்லை.

அன்று பின்னேரம் ரயிலில் சன்னலோரம் இடம் கிடைத்தது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, அதுவரை துணியாத ஒன்றைச் செய்தேன். பிள்ளைக்குப் பெயர் யோசித்தேன். மெரிலேண்ட்ஸ் வருவதற்குள் ஒன்று பிடித்துப்போயிற்று. அந்தப் பெயரைத்தான் மகளுக்கு வைத்தோம்.